சாம்பல் பட்டைக்குள் இருந்த பானை

உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட கடை ஒன்றில் தாண்டவராயன் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் டைப் அடிக்க 1991-ல் வந்து சேர்ந்தவள் ஷாஹீதா. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. வாலாஜாபாத்தில் வாழப் போன வீட்டிலிருந்து ஒரு துணிப்பெட்டியோடு திரும்பி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. யாரும் அவளைத் துரத்திவிடவில்லை. ஜமாஅத்தில் தானே போய் நின்று, எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம் என்று சொல்லி முறித்துக்கொண்டு வந்தவள் அவள். பஜார் தெருவில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்த அவளுடைய அத்தா வஹாப், பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று புலம்பினார். "வூட்டுல உக்காந்தாத்தானே பேசுவாங்க?" என்று கேட்டுவிட்டு மறுநாளே வேலை தேடக் கிளம்பிவிட்டாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தது கைகொடுத்தது.

வேலை என்னவோ சுலபம்தான். தாண்டவராயன் பென்சிலில் எழுதித் தருவதைத் தவறில்லாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் ஷாஹீதாவுக்கு ஒரு குணம். அர்த்தம் பிடிபடாத வாக்கியத்தின் மேல் அவள் விரல் ஓடாது.

1995-ல் ஒரு நாள் எல்லப்பன் என்பவர், தன் பங்காளி சடையப்பனுக்கு நிலம் விற்க வந்திருந்தார். நகலில் ஒரு வரி இப்படி இருந்தது: 'மேற்படி நிலமும், கிணறும், மாந்தோப்பும், வடபுறத்தது நீங்கலாக.' ஷாஹீதா கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, வடபுறத்தது நீங்கலாகன்னு போட்டுக்கீறீங்களே. வடபுறத்துத் தோப்பு மட்டுமா, வடபுறத்துக் கிணறும் சேத்தியா?"

"எழுதினத அடிம்மா. ஆபீசர் சாப்பாட்டுக்குக் கெளம்பிடப் போறாரு."

"எதுன்னு சொல்லுங்க, அடிக்கிறேன்."

வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த எல்லப்பன் உள்ளே தலையை நீட்டினார். "கெணறு எங்களுதாச்சே. அது எப்புடி சேரும்?"

"இன்னாது?" என்று சடையப்பன் எழுந்துவிட்டார். "கெணத்துக்காவத்தானே நான் இந்த நெலத்தயே வாங்கறேன்!"

அடுத்த பத்து நிமிடம் கடை இரண்டுபட்டது. பதிவு அன்று நடக்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் போன பிறகு தாண்டவராயன் அவளைப் பார்த்து, "ஏம்மா, என் பொழப்புல மண்ணப் போடணும்னே வந்தியா?" என்றார்.

"பத்து வருசம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியவங்க பத்து நிமிசம் சண்ட போட்டுட்டுப் போறாங்க. எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.  ஒரு மாதம் கழித்து அந்தப் பங்காளிகள் கிணற்றைத் தனியாகப் பேசி முடித்துக்கொண்டு, தேடிப் பிடித்துத் தாண்டவராயனிடமே வந்தார்கள். அதற்குப் பிறகு எந்த நகலையும் முதலில் ஷாஹீதாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது அவர் வழக்கமாகிப்போனது.

2001-ம் ஆண்டு மே மாத விடுமுறைக்கு அவள் தங்கை ஃபர்ஹானா பெங்களூரிலிருந்து வந்தாள். வரும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். 'செவன் ஃபோர்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. 'பார்லி ஹவுஸ்' என்ற பெங்களூர் கம்பெனி போட்ட ஆட்டம். பகடைகள், சீட்டுகள், மடக்குப் பலகை, பள்ளிப் பாடநூல் அளவுக்கு ஒரு விதிப் புத்தகம். ஏழு பேர் ஏழு கோட்டைக்குத் தலைவர்கள். நடப்பதை ஒருவர் கதையாகச் சொல்வார். தன் ஆள் என்ன செய்கிறான் என்பதை மற்றவர்கள் சொல்லிவிட்டுப் பகடை உருட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிய தலைவன் யார் என்பதை, ஒரு கிண்ணத்தில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டு எடுத்து முடிவுசெய்வார்கள். அதற்கு 'மூத்தோர் கலசம்' என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருந்தான் அந்தக் கம்பெனிக்காரன். ஒரு முறை வந்த பெயர், எல்லோர் பெயரும் வந்து முடியும்வரை மறுபடி உள்ளே போகாது.

பெட்டியைத் திறந்ததும் மற்றவர்கள் பகடையை எடுத்தார்கள். ஷாஹீதா புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை எடுத்தாள். அங்கே பொடி எழுத்தில், எண் போட்ட பத்திகளாக ஏதோ இருந்தது. அவளுக்கு அது பத்திரம் மாதிரி தெரிந்தது.

பத்திரமேதான். 'திறந்த ஆட்ட உரிமம், முதல் பதிப்பு' என்று தலைப்பு. இந்த ஆட்டத்தின் திறந்த பகுதியை எடுத்து யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஆட்டம் செய்யலாம், விற்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பதிலுக்கு மூன்றே நிபந்தனைகள். ஒதுக்கப்பட்ட பகுதியைத் தொடக் கூடாது. இந்த உரிமத்தை முழுதாக அச்சடித்து உள்ளே வைக்க வேண்டும். யார் யார் செய்ததிலிருந்து எடுத்தோமோ அவர்கள் பெயரைப் பட்டியலில் போட வேண்டும்.

"இன்னாடி இது? தன் சொத்த ஊருக்கே எழுதி வெச்சிக்கீறான்?" என்றாள் தங்கையிடம்.

"அமெரிக்காவுல இப்ப எல்லாம் இப்பிடித்தானாம் அக்கா. நாலு பேரு புது ஆட்டம் பண்ணா ஒரிஜினல் பெட்டியும் சேந்து விக்குமாம். எங்க வூட்டுக்காரரு சொன்னாரு."

அந்த விடுமுறையில் மாலை தவறாமல் ஆடினார்கள். பக்கத்து வீட்டு சசிரேகாவும் சேர்ந்துகொண்டாள். அரசு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஷாஹீதாவைவிட இரண்டு வயது சின்னவள். இரண்டாவது வாரமே ஷாஹீதாவுக்குக் கோட்டை சலித்துவிட்டது. "கோட்டைய புடிச்சி இன்னா பண்றது சசி? தண்ணிய புடிச்சாலாவது நாலு கழனி பாயும்" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். அடுத்த இரண்டு வருடம் மழை பொய்த்து, பெரிய ஏரி வெடித்துக் கிடந்தபோது அது விளையாட்டாக இல்லை. தாண்டவராயன் கடையில் நிலம் விற்க வருகிறவர்களின் வரிசை நீண்டது. யார் யாருக்குத் தண்ணீர் விடவில்லை என்ற கதைகளைக் கேட்டுக்கொண்டே டைப் அடித்தாள். கேட்டதெல்லாம் ஆட்டமாக மாறியது.

'ஏழு மதகு' என்று பெயர் வைத்தாள். ஓர் ஏரி, ஏழு ஊர். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில். நீர்க்கட்டியைப் பானையில் சீட்டெடுத்துத் தேர்ந்தெடுப்பார்கள். இதுவரை கம்பெனியின் முறை. அதற்கு மேல் அவளாக ஒரு விதி சேர்த்தாள். யார் தனக்கென்று அளவுக்கு மீறித் தேக்கினாலும், தண்ணீர் ஏரியின் உபரி வழியான கலங்கலில் வழிந்தோடி ஏழு ஊருக்குமே இல்லாமல் போகும். இந்தக் கலங்கல் விதியைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஆறு மாதம் ஆயிற்று. ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருந்தது.

அத்தா காலமான பிறகு கடையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி லுக்மான் அட்டை வாங்கிக் கொடுத்தான். சசிரேகா படம் வரைந்தாள். காஞ்சிபுரத்தில் ஸ்க்ரீன் பிரிண்டிங் போட்டு, 2003 டிசம்பரில் முந்நூறு பெட்டி தயாரானது. உரிமத்தின் ஐந்து பக்கத்தையும் ஷாஹீதாவே ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்து, நகலெடுத்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்தாள். பெயர்ப் பட்டியலில் முதல் வரி: பார்லி ஹவுஸ், பெங்களூர். இரண்டாவது வரி: ஷாஹீதா வஹாப், உத்திரமேரூர்.

பள்ளிக்கூடங்கள் வாங்கின. சென்னையில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றுக்கு சசிரேகா பத்துப் பெட்டி எடுத்துப்போனாள். ஓர் ஆங்கிலப் பத்திரிகை நான்கு வரி எழுதியது. அந்த நான்கு வரி பெங்களூர் வரை போய்விட்டது.

2004 ஜூலையில் பதிவுத் தபால் வந்தது. கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ். பானையில் சீட்டெடுத்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது தங்கள் ஆட்டத்தின் தனித்தன்மையுள்ள அம்சம். ஆகவே அது ஒதுக்கப்பட்ட பொருள். அதைத் தொட்டதால் உங்கள் உரிமம் போயிற்று. பதினைந்து நாளுக்குள் விற்பனையை நிறுத்தி, மிச்சப் பெட்டிகளை அழித்து, இணைத்துள்ள உறுதிமொழியில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

லுக்மான் நோட்டீஸை மடித்து அவளிடமே நீட்டினான். "அக்கா, இந்த பேஜாரு நமக்கு வோணாம். பெட்டிய கொளுத்திட்டு கையெழுத்து போட்டுக் குடுத்துரு."

தாண்டவராயனும் அதையேதான் சொன்னார். "கம்பெனியோட மோத முடியுமாம்மா? அவங்க பொருளு, அவங்க சொல்றதுதான் எல்ல."

"அவங்க பொருள் இல்லண்ணா. எழுதிக் குடுத்துட்ட பொருளு" என்றாள் ஷாஹீதா. "எதுவரைக்கும் குடுத்தாங்கன்னு பாக்கணும். அது பேப்பர்ல கீது. அவங்க வாயில இல்ல."

நோட்டீஸையும் உரிமத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தாள். சிக்கல் இரண்டு பிரிவுகளில் இருந்தது. இரண்டாம் பிரிவு சொன்னது: திறந்த பொருள் என்றால், ஆட்டத்தின் முறைகளும், நடைமுறைகளும், சாம்பல் நிறப் பட்டைக்குள் அச்சிட்ட வாசகங்களும், ஒதுக்கப்பட்ட பொருள் நீங்கலாக. மூன்றாம் பிரிவு சொன்னது: ஒதுக்கப்பட்ட பொருள் என்றால், பெயர்கள், சின்னங்கள், படங்கள், கதைமாந்தர்கள், மற்றும் உரிமையாளரால் குறிக்கப்பட்ட தனித்தன்மையுள்ள பிற அம்சங்கள்.

சீட்டெடுப்பது ஒரு நடைமுறை. அப்படிப் பார்த்தால் திறந்தது. ஆனால் அதுவே ஆட்டத்தின் தனித்தன்மையும்கூட. அப்படிப் பார்த்தால் ஒதுக்கியது. ஒரே பொருள் இரண்டு வேலிக்குள்ளும் நின்றது. கம்பெனி தனக்குச் சாதகமான வேலியை மட்டும் காட்டியது.

இதற்குள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தமிழ் நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி அனுப்பும் ஜெகன் ஓடி வந்தான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நீங்க ஒண்ணியும் பண்ண வோணாம். கோயில் சொவத்துல ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே கொடத்துல ஓலை போட்டு எடுத்த கத செதுக்கிக்கீது. அத்த போட்டோ புடிச்சிப் போட்டுடலாம். நம்மூரு சரக்க நம்ம கிட்டயே வந்து கேக்கறான் பாருங்க!"

கேட்டுக்கொண்டிருந்த லுக்மானுக்கே தெம்பு வந்துவிட்டது. ஷாஹீதா மட்டும் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"வோணாம் ஜெகன். கல்வெட்டு கீறதால நமக்கு உரிமைன்னு சொன்னா, கல்வெட்டு இல்லாத ஊர்க்காரன் இன்னா பண்ணுவான்? இந்த லைசென்ஸ நம்பி இன்னும் எத்தினி பேரு ஆட்டம் பண்ணிக்கினு கீறாங்களோ. அவங்களுக்கெல்லாம் செவுரு கீதா? எழுத்துல குடுத்தத எழுத்தாலயே காட்டறேன். நீ சும்மா இரு."

ஜெகனுக்கு முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு நல்ல செய்தியை ஒருத்தி வேண்டாம் என்பாளா? ஆனாலும் அவள் சொன்னதற்கு மீறி அவன் எழுதவில்லை.

பதிலை ஷாஹீதாவே எழுதினாள். ஆங்கிலத்தைச் சசிரேகா சரிபார்த்தாள். ஒன்றரைப் பக்கம். 'கலசம் என்ற பெயர் உங்களுடையது. அதை நான் எடுக்கவில்லை. சீட்டெடுக்கும் முறை உங்கள் புத்தகத்தின் இருபத்தெட்டாம் பக்கத்தில் சாம்பல் பட்டைக்குள் இருக்கிறது; அது நீங்கள் கொடுத்தது. தனித்தன்மையுள்ள அம்சம் என்று அதை எந்தப் பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள்? பக்க எண் தெரிவிக்கவும்.' ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினாள். தபாலாபீஸிலிருந்து திரும்பும்போது, ஜமாஅத் கட்டடத்திலிருந்து வெளியே வந்த அன்றைக்கு நடந்த அதே வேகத்தில் நடப்பதை அவளே உணர்ந்தாள்.

பதில் வந்தது. பக்க எண் இல்லை. 'எப்போது குறிக்க வேண்டும் என்று உரிமத்தில் சொல்லப்படவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தின் மூலம் குறிக்கிறோம்' என்றிருந்தது. படித்துவிட்டு ஷாஹீதா சிரித்த சிரிப்பில், எதிரே பதிவு அலுவலக வாசல் வெயிலில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பரில் ஒரு காலை, பஜார் தெருவில் லுக்மானின் கடை முன்னால் வாடகைக் கார் வந்து நின்றது. கம்பெனி மேனேஜரும், சென்னையிலிருந்து ஞானதாஸ் என்ற வக்கீலும் இறங்கினார்கள். லுக்மான் பதறிப்போய் ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டான். டீ வாங்கி வந்தான். சசிரேகா பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்து ஷாஹீதாவின் பக்கத்தில் நின்றாள்.

மேனேஜர் இனிமையாகவே பேசினார். ஞானதாஸ் தமிழில் எடுத்துச் சொன்னார். "அம்மா, உங்க ஆட்டம் நல்லா இருக்கு. கம்பெனியே எடுத்து எல்லா ஊருலயும் போடும். உங்க பேரும் வரும். வருஷா வருஷம் உங்களுக்குப் பங்கு வரும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். சீட்டெடுக்கற முறை ஒதுக்கப்பட்ட பொருள்தான்னு ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்து."

லுக்மான் அக்காளின் முகத்தையே பார்த்தான். சரி என்று சொல்லிவிடக் கூடாதா என்று அவன் கண் கெஞ்சியது.

"நான் ஒத்துக்கினா, மத்தவங்களுக்கு அது பொருந்துமா சார்?" என்று கேட்டாள் ஷாஹீதா.

ஞானதாஸ் கொஞ்சம் தயங்கினார். "ஒருத்தர் ஒத்துக்கிட்டா... மத்தவங்ககிட்டயும் காட்டுவாங்க. அது வழக்கம்."

"மத்தவங்க எத்தினி பேரு கீறாங்க?"

மேனேஜர் குறுக்கிட்டார். அது இங்கே தேவையில்லாத பேச்சு என்றார்.

"அப்ப கீறாங்க" என்றாள் ஷாஹீதா. உரிமத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். "சார், நான் பதிமூணு வருசமா பத்திரம் அடிக்கறேன். வித்தவன் ரிஜிஸ்டர் ஆனதுக்கு அப்புறம் வந்து, எல்லக்கல்ல நாலடி தள்ளி நட்டுக்கறேன், எப்ப நடணும்னு பத்திரத்துல போடலியேன்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?"

"இது நிலம் இல்லம்மா."

"எழுத்து எழுத்துதானே? இத்த எழுதினது நானா? நீங்க. நீங்களே எழுதி, நீங்களே அச்சடிச்சி, ஒரு வார்த்த கூட மாத்தக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. அதுல ரெண்டு அர்த்தம் வந்துச்சின்னா அந்தக் கொழப்பத்துக்கு யாரு பொறுப்பு? படிச்சி நம்பினவளா? எழுதினவன் தெளிவா எழுதலைன்னா சந்தேகம் எழுதினவனுக்கு எதிராத்தான் போவணும். இத்த நான் சொல்லல. உங்க கோர்ட்டே சொல்லுது."

ஞானதாஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றம். எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தார். "நீங்க சொல்றது ஒரு வாதம்தான். நல்ல வாதம். ஆனா இதை ஒரு ஜட்ஜ் முன்னாடி நிரூபிக்க எட்டு, பத்து வருஷம் ஆகும். தெரியுமா?"

"ஆவட்டும். எனக்கு முப்பத்தாறுதான் ஆவுது."

கடைக்கு வெளியே கூடியிருந்தவர்களில் யாரோ கை தட்டினார்கள். மேனேஜர் எழுந்தார். போகும்போது கோபத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். உரிமத்தையே மாற்றிவிடப் போகிறோம், அப்போது என்ன செய்வீர்கள் என்று.  கார் தெருமுனை திரும்பியதும், "ஒம்பதாம் பிரிவு" என்று ஷாஹீதா சசிரேகாவிடம் சொன்னாள். உரிமத்தின் புதிய பதிப்பு வந்தாலும், விரும்புகிறவர்கள் பழைய பதிப்பின் கீழேயே தொடரலாம் என்று ஒன்பதாம் பிரிவில் எழுதியிருந்தது. கம்பெனி எழுதியதுதான்.

வழக்கு வரவில்லை. அதற்காக எல்லாம் சுபமாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது. சென்னைக் கடைகள் கம்பெனிக்குப் பயந்து 'ஏழு மதகு' பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. கிடைக்க இருந்த வாய்ப்பை அக்காள் எட்டி உதைத்துவிட்டாள் என்று லுக்மான் நாலு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 2005-ல் கம்பெனி இரண்டாம் பதிப்பு உரிமத்தை வெளியிட்டது. அதில் சீட்டெடுக்கும் முறையைப் பெயர் சொல்லி ஒதுக்கியிருந்தார்கள். அதைப் படித்ததும் ஷாஹீதாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. "புதுசா சேக்கறாங்கன்னா, பழசுல இல்லைன்னு அவங்களே ஒத்துக்கினாங்கன்னு அர்த்தம்" என்றாள். திரும்பி வந்த பெட்டிகளின் மேல் 'முதல் பதிப்பு உரிமத்தின் கீழ்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, பள்ளிகளுக்கு நேராக அனுப்ப ஆரம்பித்தாள்.

எப்படியோ பெயர் பரவிவிட்டது. மதுரையிலிருந்து கல்லூரி மாணவிகள் நாலு பேரும், புனேயிலிருந்து ஒருவரும் கடிதம் எழுதினார்கள். அவர்களுக்கும் அதே நோட்டீஸ் வந்திருந்தது. அவர்கள் ஆட்டத்தின் சந்தேகமான பகுதிகளை அவள் பிரிவு பிரிவாகப் படித்துப் பதில் போட்டாள். இது உங்களுக்கு உண்டு. இது கிடையாது, எடுத்துவிடுங்கள். இது இரண்டு விதமாகவும் வரும், நின்று பார்க்கத் துணிவிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் உண்டு என்று அவள் சொன்னதே இல்லை. புனேக்காரர் கம்பெனியின் சின்னத்தைக் கொஞ்சம் வளைத்துப் போட்டிருந்தார். அவருக்குப் போன பதில் நோட்டீஸைவிடக் கடுமையாக இருந்ததாம்.

2006-ல் அவளே தேர்வு எழுதிப் பத்திர எழுத்தர் உரிமம் வாங்கினாள். தாண்டவராயன் கடைக்கு நாலு கடை தள்ளி தனியாகப் பலகை மாட்டினாள். பொம்பளை எழுதிய பத்திரம் செல்லுமா என்று கேட்டவர்களுக்கு, "படிச்சிப் பாத்துட்டு சொல்லுங்க" என்பதே பதில்.

அடுத்த வருடம் அவளுக்கே ஒரு சோதனை வந்தது. லுக்மான் திண்டிவனம் சந்தையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டான். 'ஏரி ராஜா' என்று பெயர். பச்சமுத்து என்பவர் போட்டது. உள்ளே பானை, சீட்டு, நீர்க்கட்டி, அதோடு கலங்கல் விதி. அவள் ஆறு மாதம் தூக்கம் கெட்டுக் கண்டுபிடித்த விதி, கிட்டத்தட்ட அப்படியே. உரிமப் பக்கங்கள் இல்லை. பெயர்ப் பட்டியல் இல்லை. அவள் பெயர் எங்குமே இல்லை.

"இப்ப நீ அனுப்பு நோட்டீஸ்" என்றான் லுக்மான். அவன் குரலில் பழைய மனத்தாங்கலும் இருந்தது. "உன் விதி அது. தனித்தன்மையுள்ள அம்சம்."

ஷாஹீதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தன் பெட்டியை எடுத்துவந்து உரிமத்தைப் பிரித்தாள். கலங்கல் விதி ஒரு நடைமுறை. அதை எங்கேயும் ஒதுக்கியதாக அவள் குறிக்கவில்லை. குறிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது கடிதம் எழுதிக் குறிக்கலாம். அப்படிச் செய்தால் அவளுக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்?

"அந்த விதி அவருக்கு உண்டு" என்றாள் கடைசியில்.  "உரிமப் பக்கத்த விட்டதும், பேர விட்டதும்தான் தப்பு. அத்த மட்டும் கேப்பேன்."

ஒன்பது வரியில் கடிதம் போட்டாள். பச்சமுத்து நேரிலேயே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், திண்டிவனத்தில் புத்தகக் கடை. சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். "நீங்களே பெங்களூர்க்காரன எதுத்தவங்க. இப்ப என்ன மட்டும் கேக்கறீங்களே?" என்றார் உட்காரும் முன்பே.

ஷாஹீதா நான்காம் பிரிவைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். "படிங்க. விதிய எடுத்துக்கலாம், விக்கலாம். எங்கிருந்து எடுத்தீங்கன்னு சொல்லணும், இந்த உரிமத்த முழுசா உள்ள வெக்கணும். அவ்ளோதான். கம்பெனி பேரும் வரணும், என் பேரும் வரணும்."

அவர் விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "விதிய எடுத்ததுல உங்களுக்குக் கோவம் இல்லியா?"

"கீது. நெறயவே கீது. ஆனா கோவத்துக்கு இதுல பிரிவு இல்ல."

பச்சமுத்து அடுத்த அச்சில் உரிமத்தையும் பெயர்ப் பட்டியலையும் சேர்த்துவிட்டார். அவருடைய பெட்டி அவளுடையதைவிட மூன்று பங்கு அதிகம் விற்றது. அது அவளுக்குக் கடைசிவரை உறுத்தலாகத்தான் இருந்தது. சசிரேகாவிடம் மட்டும் வாய்விட்டுச் சொல்லுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் 'ஏரி ராஜா'வை வேண்டாவெறுப்பாக எடுத்து ஆடிப் பார்த்தார்கள். பாதி ஆட்டத்தில் ஷாஹீதா பகடையைக் கீழே வைத்தாள். தண்ணீர் வழிந்தோடிய அடுத்த சுற்றில், கீழ் ஊர்க்காரர்கள் சேர்ந்து கரையை உயர்த்தலாம் என்று பச்சமுத்து ஒரு சின்ன விதி சேர்த்திருந்தார். அவள் யோசிக்காதது. யோசித்திருக்க வேண்டியது.

"நல்லா பண்ணிக்கீறாரு மனுசன்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

2008-ல் 'ஏழு மதகு' மூன்றாம் அச்சு வந்தபோது அந்த விதியை எடுத்துச் சேர்த்துக்கொண்டாள். அவரைக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. உரிமப் பக்கத்துப் பட்டியலில் மூன்றாவது வரியாக, பச்சமுத்து, திண்டிவனம் என்று தன் கையாலேயே அடித்துச் சேர்த்தாள்.